அடிமை முறையும் அறுபட்ட வசனங்களும்

புறநானூற்றின் 192-ஆம் பாடலைக் கேள்வியுறாத தமிழ் மாணவர் இரார். கணியன் பூங்குன்றனாரின் அப்பாடல் பதின்மூன்று அடிகளால் ஆனது. ஆயினும் மேடைதோறும் முழங்குவது அதன் முதலடி ஒன்றே. உயிரின் போக்கை ஆற்று வெள்ளத்தில் செல்லும் தெப்பத்தோடு ஒப்பிட்டு, அதிலிருந்து புலவர் பெறும் முடிவினை அறிந்தோர் சிலரே ஆவர். முதலடியை அழகிய வாழ்த்தாக மட்டும் கொண்டு, பாடலின் உயிர்ப்பகுதியைக் கைவிட்டுவிடுகிறோம்.

நன்னூலார் சூத்திர நிலைகளைக் கூறுமிடத்து 'அரிமா நோக்கம்' என்பதனையும் ஒன்றாக வைத்தார். நடந்து செல்லும் சிங்கம் முன்னும் பின்னும் திரும்பி நோக்குவது போல, ஒரு நூற்பா தனக்கு முன்னும் பின்னும் நிற்பவற்றோடு இயைந்து பொருள் தருவதை அது குறிக்கும். இலக்கண நூற்பாவுக்குச் சொல்லப்பட்டதாயினும், எந்நூலைப் பயில்வோரும் கைக்கொள்ளத் தக்க நெறி இது.

செய்யுளின் ஓரடியைத் தனியே பிரித்தெடுப்பதால் விளையும் கேடு சிறிது. ஒரு மக்கட் சமுதாயம் இறைவன் வாக்கென்று தலைமேற்கொண்டு போற்றும் மறைநூலில் இது நிகழுமாயின் அதன் விளைவு வேறு. அமெரிக்க நாட்டில் ஆப்பிரிக்க மக்களை அடிமைப்படுத்திய காலத்தில், கிறித்தவ சமயத்தாரே தம் விவிலியத்தின் வசனங்களை முன்பின் தொடர்பறுத்துக் கையாண்ட வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். அவ்வரலாற்றில் சில பகுதிகளை ஈண்டுக் காண்போம்.

1830-களின் தொடக்கம். மேரிலாந்து மாநிலத்தில் மெதடிஸ்டுத் திருச்சபையார் திறந்த வெளியில் நடத்திய வழிபாட்டுக் கூட்டம் ஒன்றில், தாமஸ் ஆல்ட் என்பார் சமயப் பற்று மிக்கவராக மாறினார். அவர் அடிமைகளை உடைமையாக வைத்திருந்தவர். அவ்வடிமைகளுள் ஒருவர் பதின்ம வயதினராகிய ஃபிரெடரிக் டக்ளஸ். பிற்காலத்தில் அடிமை ஒழிப்பு இயக்கத்தின் பெருந்தலைவராக உயர்ந்தவர். தம் எசமானர் மனம் மாறினார் என்று கண்டபொழுது, இனி அவர் அடிமைகளை விடுவிப்பார், அன்றேல் சற்று இரக்கமேனும் காட்டுவார் என்று டக்ளஸ் எதிர்பார்த்தார். இரண்டும் நடக்கவில்லை. முன்பு தம் கொடுமைக்குக் காரணம் தேடாதிருந்தவர், இப்பொழுது அதற்கு மறைநூலில் சான்று கண்டார்.

ஹென்னி என்னும் இளம்பெண் ஒருத்தி அவ்வீட்டில் இருந்தாள். குழந்தைப் பருவத்தில் தீயில் விழுந்து இரு கைகளும் கருகிப்போன பேதை அவள். கடின வேலை செய்ய இயலாதவள். அவளைக் கட்டி வைத்துச் சாட்டையால் அடிக்கும்பொழுது ஆல்ட் ஒரு வசனத்தைச் சொல்லிச் சொல்லி அடித்தார் என்று டக்ளஸ் 1845-இல் வெளியிட்ட தம் வரலாற்றில் எழுதியுள்ளார். எசமானரின் விருப்பத்தை அறிந்தும் அதன்படி செய்யாத ஊழியன் பல அடிகள் படுவான் என்னும் பொருளுடையது அவ்வசனம். லூக்கா நற்செய்தியின் 12-ஆம் அதிகாரத்தில் 47-ஆம் வசனமாக இன்றும் அதனைக் காணலாம். ஆல்ட் சொற்களைச் சற்றுச் சுருக்கிச் சொன்னாலும் வசனத்தின் கருத்து சரியே. ஆயின் அதன் முன்னே நிற்பது யாது?

தாம் கூறிய உவமை எங்களுக்கோ, எல்லாருக்குமோ என்று பேதுரு இயேசுவை வினவுகிறார். அதற்கு விடையாக இயேசு ஒரு விசாரணைக்காரனைப் பற்றிப் பேசுகிறார். வீட்டு வேலையாட்களுக்கு உரிய காலத்தில் உணவளிக்குமாறு தலைவனால் அமர்த்தப்பட்டவன் அவன். நம் தோட்டப்புற வழக்கில் கங்காணி எனலாம். தலைவன் திரும்பி வர நாளாகும் என்று எண்ணிய அவன், தன் பொறுப்பிலுள்ள ஆண்களையும் பெண்களையும் அடிக்கத் தொடங்குகிறான். தான் மட்டும் உண்டு குடித்து வெறிக்கிறான். எதிர்பாராத நாளில் தலைவன் வந்து அவனைத் தண்டிக்கிறான். இது 45, 46-ஆம் வசனங்களின் செய்தி. அதனைத் தொடர்ந்தே 47-ஆம் வசனம் வருகிறது. பல அடிகள் படப்போகிறவன் எளியோரை அடித்த அந்த விசாரணைக்காரனே! அடுத்த வசனமோ, எவனிடம் மிகுதியாக ஒப்புவிக்கப்பட்டதோ அவனிடமே மிகுதியாகக் கேட்கப்படும் என்று முடிகிறது. பெண்ணொருத்தியை அடிப்பதற்கு ஆல்ட் எடுத்துக்கொண்ட வசனம், பெண்களை அடித்தவனுக்கு எதிராகச் சொல்லப்பட்டது. இரண்டு வசனம் முன்னே சென்று பார்க்க அவருக்கு மனமில்லை.

ஆல்ட் செய்தது ஒரு வீட்டளவில் நின்றது. நூற்றாண்டுக் கணக்கில் ஓர் இனம் முழுவதையும் வருத்திய வசனம் ஒன்று உண்டு. அது ஆதியாகமத்தின் 9-ஆம் அதிகாரத்தில் வரும் நோவாவின் சாபம்.

பெருவெள்ளம் வடிந்தபின் நோவா திராட்சைத் தோட்டம் நடுகிறார். அதன் மதுவைக் குடித்து, ஆடையின்றிக் கூடாரத்தில் கிடக்கிறார். மூன்று மக்களுள் ஒருவனாகிய காம் அதனைக் கண்டு வெளியே வந்து உடன்பிறந்தாரிடம் கூறுகிறான். சேமும் யாப்பேத்தும் பின்முகமாக நடந்து சென்று தந்தையைப் போர்த்துகின்றனர். விழித்தெழுந்த நோவா சாபமிடுகிறார். யாரை? காமை அன்று, காமின் மகனாகிய கானானை. அவன் தன் சகோதரர்க்கு அடிமைகளின் அடிமையாவான் என்பது அச்சாபம். குற்றம் ஒருவனுடையது, சாபம் மற்றொருவனுக்கு என்னும் இப்புதிர் உரையாசிரியர்களை நெடுங்காலம் வாட்டியது. அது நிற்க. நாம் கருத வேண்டியவை மூன்று. சாபமிட்டவர் நோவா, அதே அதிகாரத்தின் தொடக்கத்தில் இறைவன் நோவாவையும் அவர் மக்களையும் ஒருசேர வாழ்த்துகிறார். சாபம் பெற்றவன் கானான். இசுரவேலர் பின்னாளில் வென்று குடியேறிய கானான் நாட்டாரின் மூதாதை. மூன்றாவதாக, தோலின் நிறத்தைப் பற்றி அப்பகுதியில் ஒரு சொல்லும் இல்லை.

அடுத்த அதிகாரத்தில் காமின் மக்கள் நால்வர் பெயர் வருகின்றன: கூஷ், மிஸ்ராயீம், பூத், கானான். கூஷ் எகிப்துக்குத் தெற்கிலுள்ள நாட்டையும், மிஸ்ராயீம் எகிப்தையும் குறிப்பன. ஆப்பிரிக்கரின் மூதாதையாகக் கொள்ளப்பட்டவன் கூஷ். அவன்மேல் சாபம் எதுவும் இல்லை என்பது வெள்ளிடை மலை.

இருந்தும் சாபம் இடம்பெயர்ந்தது. எங்கெல்லாம் ஒருவர் உழைப்பை மற்றவர் பறித்தனரோ, அங்கெல்லாம் அதற்கு வேலை கிடைத்தது. 12-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் வாழ்ந்த ஒனோரியஸ் என்னும் சமய அறிஞர், சேமின் வழியில் சுதந்தர மக்களும், யாப்பேத்தின் வழியில் வீரர்களும், காமின் வழியில் பண்ணையடிமைகளும் தோன்றினர் என்று எழுதினார். அப்பண்ணையடிமைகள் வெள்ளையரே! பின்னர், 1444-இல் போர்த்துகல் நாட்டு லாகோஸ் துறைமுகத்தில் 235 ஆப்பிரிக்கக் கைதிகள் கொண்டுவந்து பங்கிடப்பட்டனர். அந்நிகழ்ச்சியைத் தம் நூலில் வருணித்த ஸூராரா என்னும் அரசவை வரலாற்றாசிரியர், கருநிறத்தாரின் அடிமை நிலைக்கு நோவாவின் சாபத்தைக் காரணமாகச் சுட்டினார். ஒரே வசனம், முந்நூறு ஆண்டு இடைவெளியில், முற்றிலும் வேறான மக்கள் கூட்டத்தின் கழுத்தில் விழுந்தது. பொருள் வசனத்திலிருந்து வந்திருந்தால் இவ்வாறு மாறியிராது. பொருளைக் கையில் வைத்துக்கொண்டே வசனத்தைத் தேடியிருக்கின்றனர்.

இதனைக் கண்டு சொன்னவர் அக்காலத்திலேயே இருந்தனர். அவர்களுள் பாஸ்டன் நகர நீதிபதி சாமுவேல் சூவால் குறிப்பிடத் தக்கவர். 1692-இல் சேலம் நகரில் சூனியக்காரர் என்று குற்றம் சாட்டப்பட்டோர்க்குத் தூக்குத் தண்டனை விதித்த நீதிபதிகளுள் அவரும் ஒருவர். 1697-இல் தம் பிழையை உணர்ந்து, கோயிலில் சபையார் நடுவே எழுந்து நின்று, தம் குற்ற அறிக்கையைப் போதகர் படிக்கச் செய்தார். அத்தகைய மனச்சான்று உடையவர், 1700-இல் யோசேப்பு விற்கப்பட்ட வரலாற்றைத் தலைப்பாக்கி அடிமை வாணிகத்துக்கு எதிராக ஒரு சிறு வெளியீட்டை அச்சிட்டார். சில பக்கங்களே கொண்டது அது. சாபம் பெற்றவன் கானானே, கருநிறத்தார் கூஷின் வழியினர் என்று அதில் எடுத்துக் காட்டினார். சாபம் உண்மையே என்று வைத்துக்கொண்டாலும், யாரும் அமர்த்தாமலே அதனை நிறைவேற்றும் கொலையாளியாக ஒருவன் தானே முன்வருவது ஏன் என்று வினவினார். மனிதனைத் திருடி விற்பவன் கொல்லப்பட வேண்டும் என்னும் யாத்திராகமச் சட்டத்தையும் (21:16) முன்வைத்தார். தவறான தீர்ப்பு வழங்கிய கையே இதனையும் எழுதிற்று என்பதை நினைக்குந்தோறும் அம்மனிதர்மேல் எனக்கு மதிப்பு உயர்கிறது.

அவருக்கு மறுப்பு எழுதியவர் ஜான் சாஃபின் என்னும் வணிகர், அவரும் நீதிபதியே. ஆபிரகாமுக்கும் அடிமைகள் இருந்தனர் என்பது அவர் வாதங்களுள் ஒன்று. குறித்த காலம் பணிபுரிந்தால் விடுதலை தருவதாக ஆடம் என்னும் அடிமைக்கு வாக்களித்துவிட்டுப் பின்னர் மறுத்தவர் அவர் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், மறைநூல் ஆராய்ச்சியில் அவருக்கு ஆர்வம் பிறந்த காரணம் விளங்கும். ஆடம் வழக்காடி 1703-இல் விடுதலை பெற்றார்.

சூவாலின் வாதத்துக்கு விடை கூற இயலாத நிலையிலும் சாபக் கதை அழியவில்லை. 1843-இல் ஜோசையா பிரீஸ்ட் என்பார் அதனை விரித்துத் தனி நூலே எழுதினார். அவர் தென் மாநிலத்தவர் அல்லர், வடக்கே நியூயார்க்கைச் சார்ந்தவர். 1861-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 21-ஆம் நாள், பிரிந்து சென்ற தென் மாநிலக் கூட்டமைப்பின் துணைத் தலைவர் அலெக்சாண்டர் ஸ்டீவன்ஸ் சவானா நகரில் ஆற்றிய உரையில், தம் புதிய அரசின் மூலைக்கல்லே இன ஏற்றத்தாழ்வு என்று அறிவித்தபொழுது, கானானின் சாபத்தையும் சுட்டினார். அப்பொழுது அமெரிக்காவில் அடிமைகளாக இருந்தோர் ஏறத்தாழ 40 இலட்சம் பேர்.

ஒரு வசனத்தை நடுவே முறிப்பது ஒரு முறை. நூலையே நறுக்குவது மற்றொரு முறை. அமெரிக்கப் பெருநிலத்தை விட்டுச் சற்றுத் தெற்கே, ஆங்கிலேயர் ஆட்சியிலிருந்த மேற்கிந்தியத் தீவுகளுக்கென இலண்டனில் 1807-இல் அச்சிடப்பட்ட விவிலியம் அத்தகையது. கரும்புத் தோட்டங்களில் வாடிய அடிமைகளின் பயனுக்கெனத் தெரிந்தெடுத்த பகுதிகள் என்று அதன் முகப்பே கூறியது. சீர்திருத்தத் திருச்சபையாரின் விவிலியத்தில் 1,189 அதிகாரங்கள் உள்ளன. இதில் இருந்தவை 232. எகிப்தில் அடிமைப்பட்ட மக்களை மோசே மீட்டுச் சென்ற வரலாறு இல்லை. கிறிஸ்துவுக்குள் அடிமை என்றும் சுயாதீனன் என்றும் வேறுபாடு இல்லை எனக் கலாத்தியருக்குப் பவுல் எழுதிய வசனம் இல்லை. இறுதி நூலாகிய வெளிப்படுத்தின விசேஷம் முழுவதும் இல்லை. வேலைக்காரர் தம் எசமானர்க்குக் கீழ்ப்படிக என்னும் எபேசியர் நிருபப் பகுதி மட்டும் பழுதின்றி இருந்தது. இந்நூலின் படிகளுள் மூன்று எஞ்சியுள்ளன. ஒன்று அமெரிக்காவின் நாஷ்வில் நகரில், கறுப்பின மக்களுக்கெனத் தோன்றிய ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தில் பாதுகாக்கப்படுகிறது.

எதை நீக்கினர் என்பதை நோக்குக! நீக்கியவர்கள் விவிலியத்தை நன்கு கற்றவர்கள். எப்பகுதி அடிமையின் நெஞ்சில் கனலை மூட்டும் என்று அவர்கள் அறிந்திருந்தனர். தென் மாநிலத்தார் வேறு வழியைக் கண்டனர். 1740-இல் தென் கரோலினா அடிமைகளுக்கு எழுதக் கற்பிப்பதைச் சட்டத்தால் தடுத்தது. 1830-இல் வட கரோலினா வாசிக்கக் கற்பிப்பதையும் குற்றமாக்கியது. வாசிக்கத் தெரியாதவனுக்கு வசனத்தின் முன்பின்னை யார் காட்டுவார்?

பவுல் பிலேமோனுக்கு எழுதிய நிருபத்தின் கதையும் இத்தகையதே. 25 வசனங்களே கொண்ட மிகச் சிறிய மடல் அது. ஒநேசிமு என்னும் அடிமையைப் பவுல் அவன் தலைவனாகிய பிலேமோனிடம் திருப்பி அனுப்புகிறார். ஓடிப்போன அடிமைகளைப் பிடித்துக் கொடுக்க வேண்டும் என்னும் கடுஞ்சட்டம் 1850-இல் அமெரிக்காவில் நிறைவேறியபொழுது, அதனை ஆதரித்தோர்க்கு இம்மடல் பெருந்துணையாயிற்று. பவுலே திருப்பி அனுப்பவில்லையா என்றனர். எவ்வாறு அனுப்பினார் என்பதை அவர்கள் சொல்லவில்லை. இனி அவனை அடிமையாக ஏற்காமல் அன்புள்ள சகோதரனாக, என்னையே ஏற்பதுபோல் ஏற்றுக்கொள். அவன் உனக்குக் கடன்பட்டிருந்தால் என் கணக்கில் வைத்துக்கொள் என்பதன்றோ பவுலின் வேண்டுகோள்! தலைவனிடமிருந்து தப்பி வந்த அடிமையை அவனிடம் ஒப்புவியாதே என்று உபாகமம் (23:15) கூறும் சட்டத்தையும், அது புறச்சமய நாடுகளிலிருந்து ஓடி வந்தவர்க்கே உரியது என்று ஒதுக்கிவிட்டனர்.

தமிழாசிரியர்கள் கருதத் தக்க ஒன்றை இடையே கூறிச் செல்கிறேன். எபேசியர் நிருபத்திலும் பிலேமோன் நிருபத்திலும் கிரேக்க மூலத்தில் வருவது ஒரே சொல். 'அடிமை' என்பதே அதன் பொருள். நம்மவரிடையே நெடுநாள் வழங்கிவரும் தமிழ் மொழிபெயர்ப்பு முன்னதில் 'வேலைக்காரர்' என்றும், பின்னதில் 'அடிமை' என்றும் அதனைப் பெயர்க்கிறது. ஊதியம் பெறும் வேலைக்காரனும் உடலே விலைபோன அடிமையும் ஒருவரோ? 1611-இல் வெளிவந்த ஆங்கில மொழிபெயர்ப்பும் வேலைக்காரர் என்னும் பொருளுடைய சொல்லையே இரண்டு இடங்களிலும் ஆண்டது. சொல் மென்மையாகும்பொழுது, அது சுட்டும் கொடுமையும் கண்ணுக்கு மறைந்துபோகிறது.

இப்பிலேமோன் நிருபத்தை வைத்து 1833-இல் ஜார்ஜியா மாநிலத்து லிபர்ட்டி வட்டாரத்தில் சார்லஸ் கால்காக் ஜோன்ஸ் என்னும் போதகர் அடிமைகள் நிறைந்த பெருங்கூட்டத்தில் மறையுரை ஆற்றினார். அவரும் அடிமைகளை உடையவரே. பவுலின் பெயரால் ஓடிப்போதல் பாவம் என்று அவர் வற்புறுத்தியபொழுது, கேட்டிருந்தோருள் பாதிப்பேர் எழுந்து நடந்துவிட்டனர். எஞ்சியோரும் உரை முடிந்தபின் முணுமுணுத்தனர். அப்படியொரு நிருபமே விவிலியத்தில் இல்லை என்று சிலர் உறுதியாகக் கூறினர். எசமானரை மகிழ்விக்கவே போதகர் பேசினார் என்றனர் வேறு சிலர். இச்செய்தியைப் பின்னாளில் மறைக்காமல் எழுதி வைத்தவர் ஜோன்ஸே. நிருபம் இல்லை என்றது தவறு. ஆயினும், போதகர் சொன்னது போன்ற ஒரு நிருபம் இல்லை என்ற அளவில் அவர்கள் கூற்று மெய்யே. எழுத்தறியாத அம்மக்கள் செவிவழி கேட்ட மோசேயின் வரலாற்றோடு அந்த உரையை ஒத்துப் பார்த்திருக்க வேண்டும்.

இவ்விடத்தில் ஓர் உண்மையை ஒளிக்காமல் கூறுதல் முறை. அடிமை முறையை ஆதரித்தோர் காட்டிய வசனங்கள் யாவும் முறித்தெடுத்தவை அல்ல. அயல் இனத்தாரை விலைக்கு வாங்கி மக்களுக்கு உரிமைச் சொத்தாக விடலாம் என்று லேவியராகமம் (25:44-46) வெளிப்படையாகவே இசைகிறது. முன்னும் பின்னும் எத்துணை நோக்கினும் அப்பொருள் மாறாது. 1845-இல் ரிச்சர்டு ஃபுல்லர், பிரான்சிஸ் வேலண்டு என்னும் இரு பாப்டிஸ்டுப் போதகர்கள் மடல் வழி நிகழ்த்திய வாதம் நூலாக வெளிவந்தது. மறைநூல் எங்கும் அடிமை முறையைப் பாவமென்று சொல்லவில்லையே என்று ஃபுல்லர் கேட்டார். நூலின் நெறி முழுவதும் அதற்கு எதிரே செல்கிறது என்றார் வேலண்டு. இருவரும் கற்றவர்கள், ஒருவரையொருவர் மதித்தவர்கள். அதே ஆண்டில் பாப்டிஸ்டுச் சபை இதே வழக்கில் இரண்டாகப் பிளந்தது. பிரிந்த தென்னகப் பாப்டிஸ்டுச் சபையார் தம் முன்னோர் அடிமை முறைக்குத் துணை நின்றதற்காக 1995-இல் மன்னிப்புக் கேட்டனர். 150 ஆண்டுகள்!

ஆகவே, இடம் நோக்கிப் பொருள் கொள்வது எல்லா வழக்கையும் தீர்த்துவிடாது. ஆனால் லேவியராகமத்தை நேர்மையோடு வாதிட்டோர் சிலர்; ஆல்ட் போல் கையில் கிடைத்த வசனத்தைச் சாட்டையோடு சேர்த்து வீசியோர் பலர். எபேசியர் நிருபத்தில் அடிமைக்குச் சொன்ன 5-ஆம் வசனத்தை அவர்கள் ஓயாது ஓதினர். எசமானர் மிரட்டலை விடுக, இருவர்க்கும் தலைவர் பரலோகத்தில் உள்ளார், அவரிடம் பட்சபாதம் இல்லை என்னும் 9-ஆம் வசனத்தை ஓதியோர் அரியர்.

அடிமை முறை 1865-இல் அரசியலமைப்புத் திருத்தத்தால் ஒழிந்தது. ஒழிந்த பின்னும் அவ்வசனங்கள் விட்ட தழும்பு ஆறவில்லை. கறுப்பினத்துச் சமயச் சிந்தனையாளர் ஹோவர்டு தர்மன் 1949-இல் வெளியிட்ட தம் நூலொன்றில் தம் பாட்டியாரைப் பற்றி எழுதுகிறார். நான்சி ஆம்ப்ரோஸ் என்னும் அவ்வம்மையார் அடிமையாகப் பிறந்தவர். எழுதப் படிக்க அறியாதவர். வாரத்தில் இரண்டு மூன்று நாள் பேரன் அவருக்கு விவிலியம் படித்துக் காட்டுவது வழக்கம். சங்கீதங்களை விரும்பிக் கேட்பார், ஏசாயாவைக் கேட்பார், நற்செய்திகளை மீண்டும் மீண்டும் படிக்கச் சொல்வார். பவுலின் நிருபங்களை மட்டும் படிக்க விடுவதில்லை. அன்பைப் பற்றிப் பேசும் கொரிந்தியர் முதல் நிருபத்தின் 13-ஆம் அதிகாரத்துக்கு மட்டும் எப்பொழுதாவது விலக்கு உண்டு.

காரணம் கேட்கப் பேரனுக்குப் பல ஆண்டுகள் துணிவு வரவில்லை. கல்லூரியில் பயிலும் காலத்தில் ஒரு நாள் கேட்டார். அடிமையாக இருந்த நாளில் எசமானர் அழைத்து வந்த வெள்ளைக்காரப் போதகர் ஆண்டுக்கு மூன்று நான்கு முறையேனும் பவுலின் அந்த ஒரு வசனத்தை எடுத்துக்கொண்டு, நல்ல அடிமையாக இருப்பதே இறைவன் விருப்பம் என்று கூறுவாராம். தமக்கு என்றேனும் எழுத்தறிவும் விடுதலையும் கிட்டினால், அப்பகுதியைப் படிப்பதில்லை என்று அன்றே இறைவனிடம் வாக்களித்துவிட்டதாக அவ்வம்மையார் விடை கூறினார்.

1807-ஆம் ஆண்டு விவிலியத்திலிருந்து அஞ்சி நீக்கினார்களே, அடிமையென்றும் சுயாதீனனென்றும் வேறுபாடு இல்லை என்னும் வசனம், அதுவும் பவுலின் நிருபத்திலேதான் உள்ளது. அவ்வம்மையாருக்குப் பேரன் படித்துக் காட்டாத பக்கங்களில் அதுவும் ஒன்று.